முகமூடி கேட்ட கோல்கீப்பர்



ஐஸ் ஹாக்கியின் மறக்க முடியாத ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் வரலாறு உள்ள ஆட்டம் இது. எல்லோரையும் ஒரே மாலையில் சொல்லி முடிக்க இயலாது. ஒருவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்களை அவரைச் சுற்றி வைத்துப் பேசலாம் என்று இருக்கிறேன். அவர் கோல் போட்டுப் புகழ் பெற்றவர் இல்லை, கோலைத் தடுத்தவர். பெயர் ஜாக் பிளாந்த். மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் கோல்கீப்பர். 1959 நவம்பர் 1 ஆம் தேதி இரவு, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், கிழிந்த முகத்தில் தையல் போட்டுக்கொண்ட பிறகு, முகமூடி இல்லாமல் திரும்ப இறங்க மாட்டேன் என்று தன் பயிற்சியாளரிடம் சொன்னார். இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தருணம் அதுதான் என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அடிக்கப்படுவது பந்து இல்லை, கெட்டியான ரப்பர் வட்டு. விட்டம் மூன்று அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம், எடை 156 முதல் 170 கிராம் வரை. பனித்தளத்தில் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்பே அதைக் குளிரில் உறைய வைத்துவிடுவார்கள். ரப்பர் அப்போது கல்லாகிவிடும். நல்ல ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள ஒரு வலைக்கு முன்னால் நின்று, அதைக் கையாலோ காலாலோ நெஞ்சாலோ தடுப்பதுதான் கோல்கீப்பரின் வேலை. கால்களுக்குக் கனமான தோல் கவசம் உண்டு, கைகளுக்கு உறை உண்டு, மார்புக்கு மெத்தை உண்டு. முகத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. ஓரிரண்டு ஆண்டுகள் அல்ல, நேஷனல் ஹாக்கி லீக் தொடங்கிய 1917 முதல் 1959 வரை ஏறக்குறைய முழுக் காலமும் இப்படித்தான் நின்றார்கள்.

அவர்களுக்கு வலி தெரியாதா? தெரியும். அப்படியும் நின்றதற்கான காரணத்தைத் தேடினால் பனித்தளத்தில் கிடைக்காது. லீகின் அமைப்பில் கிடைக்கும்.

1942 முதல் 1967 வரை அந்த லீகில் ஆறே அணிகள். மான்ட்ரியல், டொராண்டோ, டெட்ராய்ட், சிகாகோ, பாஸ்டன், நியூயார்க். ஒவ்வோர் அணிக்கும் ஒரே கோல்கீப்பர். அதாவது அந்த லீகில் இந்த வேலை மொத்தம் ஆறு பேருக்கு மட்டும். கனடாவின் ஒவ்வொரு ஊரிலும் உறைந்த குளங்களில் ஆடி வளர்ந்த ஆயிரக்கணக்கான பையன்கள் அந்த ஆறு இடங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் அடிபட்டு இரண்டு வாரம் படுத்தால், அவர் இடத்தில் வந்தவர் நன்றாக ஆடிவிடலாம். பிறகு பழையவருக்கு இடமில்லை. பிளாந்தே அப்படி வந்தவர்தான். 1952 நவம்பரில் மான்ட்ரியலின் ஜெரி மக்நீல் முகத்தில் அடிபட்டு விலகியபோது, அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர் பிளாந்த். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த இடம் பிளாந்துக்கே நிலைத்துவிட்டது. முகம் உடைந்தால் வேலை போகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவருக்கு முன் இருந்தவர்களில் சிலரைச் சொல்கிறேன். ஜார்ஜ் வெசினா என்று ஒருவர், கியூபெக் மாகாணத்தின் ஷிகூட்டிமி ஊர்க்காரர். 1910 இல் மான்ட்ரியல் அணியில் சேர்ந்து பதினைந்து பருவங்கள் ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடினார். 1925 நவம்பர் 28 ஆம் தேதி கடுமையான காய்ச்சலோடு இறங்கினார், பாதியில் விலக வேண்டி வந்தது. காசநோய். 1926 மார்ச்சில் இறந்துபோனார். ஆண்டுதோறும் சிறந்த கோல்கீப்பருக்குத் தரப்படும் கோப்பை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஓர் ஆட்டமும் விடாதவர் என்ற புகழுரையை நான் படிக்கும்போதெல்லாம், காய்ச்சலோடு அவரை ஏன் இறங்கவிட்டார்கள் என்ற கேள்விதான் எனக்கு எழுகிறது.

1928 ஏப்ரல் 7. லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்று, மான்ட்ரியல் மரூன்ஸ் அணிக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கும். மரூன்ஸின் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த வட்டு ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் ஷாபோவின் கண்ணில் பட்டது. ஷாபோவால் தொடர முடியவில்லை. மாற்றுக் கோல்கீப்பர் என்று ஒருவரை அணிகள் வைத்திருந்த காலம் இல்லை அது. பார்வையாளர்களிடையே ஒட்டாவா அணியின் அலெக் கானல் உட்கார்ந்திருந்தார். அவரை இறக்கலாமா என்று கேட்டபோது மரூன்ஸ் மறுத்துவிட்டது. கடைசியில் ரேஞ்சர்ஸின் பயிற்சியாளரும் மேலாளருமான லெஸ்டர் பேட்ரிக், 44 வயதில், கவசங்களைக் கட்டிக்கொண்டு வலைக்கு முன் போய் நின்றார். ஒரே ஒரு கோல்தான் விட்டுக்கொடுத்தார். கூடுதல் நேரத்தில் ரேஞ்சர்ஸ் 2–1 என்று வென்றது, பிறகு கோப்பையையும் வென்றது. ஹாக்கி ரசிகர்கள் பேரன்களுக்குச் சொல்லி மகிழும் கதை இது. பேட்ரிக்கின் நெஞ்சுரத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் ஒரு மனிதனின் கண்ணில் அடி விழுந்த பிறகும், அணிகள் இரண்டு கோல்கீப்பர்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற விதி 1965 வாக்கில்தான் வந்தது. இடையில் முப்பத்தேழு ஆண்டுகள்.

முகமூடி என்ற யோசனையே யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. 1930 சனவரியில் ஹவி மொரென்ஸ் அடித்த வட்டு மரூன்ஸின் கிளின்ட் பெனடிக்டின் முகத்தை உடைத்தது. மொரென்ஸ் அந்தக் காலத்தின் மின்னல்வேகக்காரர். ஆறு வாரம் கழித்துப் பெனடிக்ட் தோலால் செய்த முகமூடியோடு திரும்பினார். லீகில் முகமூடி அணிந்த முதல் ஆள் அவரே. மூக்குப் பகுதி பெரிதாக இருந்து பார்வையை மறைத்ததால் சில ஆட்டங்களிலேயே கழற்றிவிட்டார். அதுவே அந்த லீகில் அவருடைய கடைசிப் பருவமும் ஆனது. 1936 ஒலிம்பிக்கில் ஜப்பானின் தெய்ஜி ஹோன்மா முகமூடியோடு நின்றார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1927 இல், கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கோல்கீப்பர் எலிசபெத் கிரஹாம் வாள்சண்டைப் பயிற்சியில் அணியும் கம்பிவலை முகமூடியைப் போட்டுக்கொண்டு ஆடினார். பல்லைக் காப்பாற்றிக்கொள்ள. பதிவாகியிருக்கும் முதல் முகமூடி அதுதான். ஒரு மாணவி எளிதாகக் கண்டுகொண்ட தீர்வை, சம்பளம் வாங்கி ஆடிய ஆண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. வழி தெரியாமல் இல்லை. அணிந்தால் கோழை என்பார்கள், கோழை என்றால் அந்த ஆறு இடங்களில் ஒன்று பறிபோகும்.

இந்த மனநிலையை ஒரே படத்தில் காட்டச் சொன்னால், 1952 ஏப்ரல் 8 ஆம் தேதி மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் எடுத்த புகைப்படத்தைக் காட்டுவேன். மான்ட்ரியலுக்கும் பாஸ்டனுக்கும் இடையிலான அரையிறுதியின் ஏழாவது ஆட்டம். மொரீஸ் ரிஷார் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1944–45 பருவத்தில் ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் அடித்தவர், பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்களின் தெய்வம் போன்றவர். 1955 இல் லீக் தலைவர் அவரைத் தடை செய்தபோது மான்ட்ரியல் நகரமே கலவரத்தில் இறங்கியது. அது தனி உரைக்குரிய பொருள், இன்று உள்ளே போகவில்லை. அந்த 1952 ஆட்டத்தில் ரிஷார் மோதலில் விழுந்து நினைவிழந்தார். இடது கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் கொட்டியது. உள்ளே தூக்கிப் போய்த் தைத்தார்கள். ஆட்டம் 1–1 என்று நிற்கையில், கட்டுப்போட்ட தலையோடு திரும்பி வந்து, பாஸ்டன் ஆட்களை ஒவ்வொருவராகக் கடந்து போய் வெற்றிக் கோலை அடித்தார். முடிந்ததும் இரு அணியினரும் கை குலுக்கினார்கள். ரிஷாரின் முகத்தில் ரத்தம் வழிகிறது. எதிரே நிற்கும் பாஸ்டன் கோல்கீப்பர் ஜிம் ஹென்றியின் இரண்டு கண்களைச் சுற்றிலும் அடிபட்ட கறுப்பு. ஹென்றி சற்றே குனிந்து ரிஷாரின் கையைப் பிடித்திருக்கிறார்.

ஹாக்கி உலகின் மிக அழகான படங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். அதில் இருக்கும் மரியாதையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோலை அடித்தது தனக்குச் சரியாக நினைவில்லை என்று ரிஷாரே பிறகு சொன்னார். மூளை கலங்கிய ஒரு மனிதன், தான் என்ன செய்கிறோம் என்று அறியாத நிலையில், பனியில் விடப்பட்டிருக்கிறான். ஹென்றியோ உடைந்த முகத்தோடு, மறைப்பு எதுவும் இல்லாமல், அதே வட்டுக்கு முன்னால் இரவு முழுக்க நின்றிருக்கிறார். படத்தைப் போற்றுபவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி பிளாந்துக்கு வருவோம். 1929 சனவரி 17 இல் கியூபெக்கின் ஒரு சிற்றூரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பண வசதி இல்லாத வீடு. அம்மாவிடமிருந்து பின்னல் வேலை கற்றுக்கொண்டு, தம்பி தங்கைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னினார். பிற்காலத்தில் பெரிய ஆட்டக்காரரான பிறகும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார். தொடக்கத்தில் தானே பின்னிய தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வலைக்கு முன் நிற்பார். தொழில்முறை அணிக்கு வந்ததும் பயிற்சியாளர் அதைத் தடுத்துவிட்டார். சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு வாங்கும், நெடுநேரம் சறுக்கி ஓட முடியாது. அதனால்தான் கோல்கீப்பர் ஆனார்.

ஆனால் வலைக்கு முன்னால் அசையாமல் நிற்கவில்லை. வட்டு வலைக்குப் பின்புறம் போனால், பின்னால் போய்த் தானே நிறுத்தித் தன் ஆட்களுக்குத் தள்ளிக்கொடுப்பார். எதிரிக்கு முன் முந்தி வந்து வட்டைத் தட்டிவிடுவார். அதுவரை யாரும் இதை வழக்கமாகச் செய்ததில்லை. பயிற்சியாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், பத்திரிகைகள் அவரைக் கிறுக்கன் என்றன. இன்று எல்லாக் கோல்கீப்பர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நான் சொல்ல வருவது, இவர் எல்லோரும் செய்வதைச் செய்யும் மனிதர் இல்லை. எதையும் தானே யோசித்துப் பார்ப்பவர். முகமூடி அவருடைய கையில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐம்பதுகளின் நடுவில் ஆட்டமும் மாறிக்கொண்டிருந்தது. மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்கி வட்டை அறையும் வீச்சு பரவியது. அதில் பேர்போன பெர்னி ஜெஃப்ரியோன் பிளாந்தின் சொந்த அணிக்காரர். பயிற்சியிலேயே தினமும் அந்த அடியை எதிர்கொள்ள வேண்டும். பயிற்சியில் சக வீரர்கள் அடித்த வட்டு பட்டு, வெவ்வேறு சமயங்களில் பிளாந்தின் இரண்டு கன்ன எலும்புகளும் முறிந்தன. மூக்கு எத்தனையோ முறை. அதன் பிறகு பயிற்சியில் மட்டும் பிளாஸ்டிக் முகமூடி போட ஆரம்பித்தார்.

1958 இல் ஓர் ஆட்டத்தில் அவர் முகத்தில் அடி விழுந்ததை அரங்கில் இருந்த பில் பர்ச்மோர் பார்த்தார். பர்ச்மோர் கண்ணாடியிழைப் பொருள்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். முகத்தோடு ஒட்டி அமரும் கண்ணாடியிழை முகமூடி செய்து தரலாம் என்று பிளாந்துக்கு எழுதினார். பிளாந்தின் முகத்தில் வாசலின் தடவி, பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுத்தார்கள். அந்த அச்சின் மேல் கண்ணாடியிழையை அடுக்கடுக்காக ஒட்டி, தோலின் நிறத்தில், கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் திறப்பு விட்டுச் செய்தார்கள். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. கனேடியன்ஸ் பயிற்சியாளர் டோ பிளேக் பயிற்சியில் அனுமதித்தார். ஆட்டத்தில் கூடாது என்றார். முகமூடி போட்டால் காலடியில் வரும் வட்டு தெரியாது, கோல்கீப்பருக்கு அச்சம் இருந்தால்தான் கவனம் இருக்கும் என்பது பிளேக்கின் எண்ணம். அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தக் காலத்தின் அறிவாளிகள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த 1959 நவம்பர் 1 ஆம் தேதி, ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளாந்தின் முகத்தைக் கிழித்தது. சற்று முன்னால் பிளாந்த் தன்னைத் தடுப்புச் சுவரில் மோதவிட்டதற்குப் பதிலாக, முகத்தைக் குறிவைத்தே அடித்ததாகப் பாத்கேட் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். பனியில் ரத்தம். உள்ளே அழைத்துச் சென்று தைத்தார்கள். அரங்கம் காத்திருந்தது. உள்ளூர் அணி அவசரத்துக்கென்று வைத்திருக்கும் மாற்று ஆள் பெரும்பாலும் தொழில்முறை அல்லாதவராக இருப்பார். அவரை இறக்கினால் ஆட்டம் கைவிட்டுப் போகும். இது பிளேக்குக்கும் தெரியும், பிளாந்துக்கும் தெரியும்.

முகமூடியோடு என்றால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்றார் பிளாந்த். காயம் ஆறும் வரை போட்டுக்கொள் என்று பிளேக் இறங்கி வந்தார். வெளிறிய முகமூடியோடு பிளாந்த் பனித்தளத்துக்கு வந்தபோது நியூயார்க் கூட்டம் ஒரு கணம் திகைத்திருக்க வேண்டும். கனேடியன்ஸ் 3–1 என்று வென்றது. அப்போது நடந்துகொண்டிருந்த தோல்வியற்ற வரிசை 18 ஆட்டங்கள் வரை நீண்டது. காயம் ஆறியது, முகமூடி மட்டும் இறங்கவில்லை. 1960 மார்ச் 8 அன்று பிளேக்கின் வற்புறுத்தலால் ஒரே ஓர் ஆட்டத்துக்குக் கழற்றி வைத்தார். டெட்ராய்டிடம் 3–0 என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் முகமூடி திரும்பியது. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையை எட்டு ஆட்டங்களில் எட்டையும் வென்று கனேடியன்ஸ் தொடர்ந்து ஐந்தாவது முறையாக எடுத்தது. பயந்துபோய்த்தான் முகமூடி போடுகிறீர்களா என்று கேட்டவர்களுக்கு, பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து குதிப்பது வீரமாகிவிடுமா என்ற பொருளில் பதில் சொன்னார்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பிளாந்த் கருணை காட்டும்படி கேட்கவில்லை. லீக் கூடி விதி செய்யவில்லை. மருத்துவர்கள் மனு கொடுக்கவில்லை. ஓர் ஆட்டக்காரர், தான் இல்லாமல் ஆட்டம் நடக்காது என்ற ஒரே நேரத்தில், தன் உடலைப் பற்றிய முடிவைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த நாளோ அடுத்த வாரமோ கேட்டிருந்தால் பிளேக் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

மற்ற கோல்கீப்பர்கள் உடனே பின்பற்றவில்லை. கிளென் ஹால் 1955 முதல் 1962 வரை 502 ஆட்டங்கள் தொடர்ச்சியாக, முகமூடி இல்லாமல் ஆடினார். இன்றுவரை யாரும் நெருங்காத சாதனை. அதே ஹால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பார் என்பதும் எல்லோரும் அறிந்தது. அந்த வாந்தியை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. டெர்ரி சாச்சுக் 103 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாதவர். 1966 இல் 'லைஃப்' பத்திரிகை, அவர் முகத்தில் அதுவரை விழுந்த தையல்கள் அத்தனையையும் ஒப்பனைக்காரரைக் கொண்டு வரையச் செய்து படம் எடுத்து வெளியிட்டது. நானூறுக்கும் மேல். பாஸ்டனின் ஜெரி சீவர்ஸ் ஒரு பயிற்சியில் முகமூடியில் லேசாக அடிபட்டதும் பயிற்சியிலிருந்து தப்ப உள்ளே போனார். பயிற்சியாளர் திருப்பி அனுப்பினார். அணியின் உதவியாளர் விளையாட்டாக அந்த அடி விழுந்த இடத்தில் கறுப்பு மையால் தையல் வரைந்தார். பிறகு முகமூடி இல்லையென்றால் எங்கெங்கே வெட்டு விழுந்திருக்கும் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தையலைச் சீவர்ஸ் சேர்த்துக்கொண்டே போனார். முகமூடி முழுக்கத் தையல்களாகிவிட்டது. சாச்சுக்கின் தோலில் இருந்ததெல்லாம் சீவர்ஸுக்கு மையோடு நின்றுபோனது. 1974 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கின் ஆண்டி பிரவுன் முகமூடி இல்லாமல் அந்த லீகில் ஆடிய கடைசிக் கோல்கீப்பரானார்.

1970 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று பாஸ்டனுக்கும் செயின்ட் லூயிஸுக்கும். ஹாக்கியில் மிகப் புகழ்பெற்ற படம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் அந்தத் தொடரைத்தான் சொல்வார்கள். மே 10 ஆம் தேதி கூடுதல் நேரத்தில் பாபி ஓர் கோப்பையை வெல்லும் கோலை அடித்துவிட்டு, காலை யாரோ தட்டிவிட, இரு கைகளையும் விரித்தபடி காற்றில் கிடையாகப் பறக்கிறார். வலையில் நின்றவர் கிளென் ஹால். அழகான படம்தான், நானும் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். அதே தொடரின் முதல் ஆட்டத்தில், மே 3 ஆம் தேதி, செயின்ட் லூயிஸின் வலையில் நின்றவர் 41 வயது பிளாந்த். ஃபிரெட் ஸ்டான்ஃபீல்ட் அடித்த வட்டு நடுவில் திசை மாறி நெற்றியில் மோதியது. முகமூடி பிளந்தது. பிளாந்த் நினைவிழந்து விழுந்தார். முகமூடி இல்லையென்றால் உயிர் போயிருக்கும் என்று மருத்துவமனையிலிருந்து அவரே சொன்னார். பாபி ஓர் பறந்த படம் சுவரெங்கும் தொங்குகிறது. பிளந்த முகமூடியை அவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தத் தொடரில் நடந்த பெரிய விஷயம் மே 3 ஆம் தேதி நடந்ததுதான்.

பிளாந்துக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்கவில்லை. டெட்ராய்டின் டெட் லிண்ட்சே 1957 பிப்ரவரியில் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அறிவித்தார். துணைத் தலைவர் மான்ட்ரியலின் டக் ஹார்வி. ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு 900 டாலர் ஓய்வூதிய நிதிக்குக் கொடுத்துவந்தார்கள். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள், முதலாளிகள் காட்டவில்லை. அந்தப் பருவத்தில் லிண்ட்சே 85 புள்ளிகளோடு தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடியிருந்தார். ஜூலையில் அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது சிகாகோ லீகின் கடைசி இடத்தில் இருந்த அணி. அவரோடு சேர்த்து அனுப்பப்பட்டவர் இன்னொருவர், கிளென் ஹால். நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து விலகினார்கள். 1958 இல் சங்கம் கரைந்தது. ஒன்பது ஆண்டு கழித்து 1967 இல்தான் நிலையான சங்கம் ஒன்று உருவானது. ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்கும் சிறந்த வீரர் விருதுக்கு 2010 முதல் லிண்ட்சேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவாவது நடந்ததில் எனக்கு மனநிறைவு.

வில்லி ஓரீயின் கதை இன்னும் கசப்பானது. 1958 சனவரி 18 அன்று பாஸ்டனுக்காக மான்ட்ரியல் ஃபோரத்தில் இறங்கி, அந்த லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அவருடைய வலது கண்ணில் இளையோர் ஆட்டத்தின்போதே வட்டு பட்டிருந்தது. பார்வையில் 95 விழுக்காடு போய்விட்டது. ஒரு கண் தெரியாதவர் ஆடக் கூடாது என்று லீகில் விதி இருந்ததால், அதை மறைத்துக்கொண்டே ஆடினார். இடப்பக்க ஆட்டக்காரர் என்பதால், வட்டைப் பார்க்கத் தலையை வலது தோளுக்கு மேல் முழுக்கத் திருப்ப வேண்டும். கூட்டத்தின் வசைகளையும் கேட்டுக்கொண்டு, அந்த லீகில் 45 ஆட்டங்கள், பிறகு சிறு லீகுகளில் 1979 வரை. 2018 இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். கண்ணுக்கு ஒரு சிறு கண்ணாடித் தகடு இருந்திருந்தால் அவர் எவ்வளவு ஆடியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1968 சனவரி 13. மினசோட்டாவின் பில் மாஸ்டர்ட்டன், வயது 29. மோதலில் பின்பக்கமாக விழுந்து தலை பனியில் மோதியது. தலைக்கவசம் இல்லை, அன்று பெரும்பாலும் யாரிடமும் இல்லை. 15 ஆம் தேதி இறந்தார். அந்த லீகின் வரலாற்றில், ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக உயிரிழந்தவர் அவர் ஒருவர்தான். அதே ஆண்டு அவர் பெயரில் ஒரு விருது வந்துவிட்டது. தலைக்கவசம் கட்டாயமாவதற்கு 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு மட்டும். பழைய ஆட்கள் விரும்பினால் வெறுந்தலையோடு ஆடலாம். அப்படி ஆடிய கடைசி ஆள் கிரெய்க் மக்டாவிஷ் 1997 இல் ஓய்வுபெற்றார். மாஸ்டர்ட்டன் இறந்து 29 ஆண்டுகள். கண்ணை மறைக்கும் தகடு 2013 இல் கட்டாயமானது. அதுவும் 25 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியவர்களுக்கு மட்டும்.

கழுத்துக்கு வருகிறேன், இதோடு முடிக்கிறேன். 1989 மார்ச் 22 அன்று பஃபலோவின் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்து நாளம் எதிரணிக்காரரின் ஸ்கேட் கத்தியில் அறுபட்டது. அணியின் உடற்பயிற்சி உதவியாளர் ஜிம் பிட்சுட்டெல்லி, வியட்நாம் போரில் மருத்துவ உதவியாளராக இருந்தவர், நாளத்தைக் கையால் அழுத்திப் பிடித்து உயிரைக் காப்பாற்றினார். மயிரிழையில் தப்பிய உயிர். அதன் பிறகு 34 ஆண்டுகள் லீக் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கவில்லை. 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், நாட்டிங்ஹாம் அணிக்காக ஆடிய ஆடம் ஜான்சன் அதேபோன்ற வெட்டில் இறந்தார். வயது 29. முன்பு பிட்ஸ்பர்க் அணியில் ஆடியவர். பக்கத்தில் பிட்சுட்டெல்லி போன்றவர் இருப்பதை நம்பி ஒரு விளையாட்டை நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது நேஷனல் ஹாக்கி லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட புதிய ஒப்பந்தப்படி, 2026–27 பருவம் முதல் வெட்டுத் தாங்கும் கழுத்துக் காப்பு கட்டாயம். யாருக்கு? அந்த லீகில் இதுவரை ஓர் ஆட்டமும் ஆடாமல் புதிதாக வருகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு விருப்பம். 1979 இல் செய்ததையே மறுபடியும் செய்திருக்கிறார்கள். பழகியவர்களின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியாது. 1959 இல் பிளாந்த் கேட்டபோது எதிர்ப்புச் சொன்னவர்களில் கோல்கீப்பர்களும் இருந்தார்கள். அவர்களும் பழகியவர்கள்தான். பழக்கம் அவர்கள் முகத்தைக் காப்பாற்றவில்லை.

லீக் இந்த விதியை உடனே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் விரிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது, எந்த நாட்டிலாவது, ஸ்கேட் கட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறார்கள் என்றால், அவர்கள் கழுத்தில் காப்பு இருக்கிறதா என்று தயவுசெய்து நீங்களே பாருங்கள். விதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.